வலிவினையும் மெலிவினையும்
ஜெர்மானிய வினைத்திரிபும் தமிழ் வினையும்: ஒரு வரலாற்று நோக்கு

மொழிநூல் வரலாற்றில் 1816 ஆம் ஆண்டு இரட்டைப் பிறப்பு நிகழ்ந்த ஆண்டாகும். அவ்வாண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரிலிருந்து பிரான்சு பொப் என்னும் இளம் அறிஞரின் நூல் வெளிவந்தது. வடமொழி வினைகள் திரியும் முறையைக் கிரேக்கம், இலத்தீன், பாரசீகம், ஜெர்மானியம் ஆகிய மொழிகளின் முறையோடு ஒப்பிட்டு, இவை யாவும் ஒரு குடும்பத்தின என்று அந்நூல் நிறுவியது. அதே ஆண்டில் சென்னையில் மாவட்ட ஆட்சியராக விளங்கிய பிரான்சிசு வைட் எல்லிஸ், காம்பெல் இயற்றிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைக்கென ஒரு குறிப்பு வரைந்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வினையடிகளை நிரல்பட வைத்து, இம்மொழிகள் வடமொழியினின்று பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக்குடும்பத்தின என்பதை அக்குறிப்பிலே காட்டினார். ஒருவர் செய்வதை மற்றவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் இருவரும் தோண்டிய இடம் ஒன்றே, அது வினைச்சொல். பெயர்ச்சொல் மொழி விட்டு மொழி எளிதில் தாவும். வணிகனோடும் படையோடும் பாதிரியாரோடும் ஊர் மாறும். வினையின் திரிபோ அத்துணை எளிதில் பெயராது. குடும்பம் காண விரும்பியவர்கள் வினையைத் தேடிச் சென்றது இதனாலேயே.

எல்லிஸ் சென்னைக்கு அயலவர் அல்லர். இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிலில் 1818 இல் கிணறு ஒன்றுக்காக அவர் பொறிப்பித்த கல்வெட்டு, திருக்குறளை மேற்கோளாகத் தாங்கி நின்றது.  1819 இல் எல்லிஸ் இராமநாதபுரத்தில் மறைந்தார். அந்த ஆண்டில்தான் ஜெர்மனியில் யாக்கோபு கிரிம் தம் ஜெர்மானிய இலக்கணத்தின் முதல் தொகுதியை வெளியிட்டார். குழந்தைகளுக்குரிய கதைகளைத் தம்பியோடு சேர்ந்து தொகுத்த அதே கிரிம்தான். இந்த இலக்கணத்தில் அவர் வினைகளுக்கு இரண்டு பெயர் இட்டார். ஒன்று வலிவினை; மற்றொன்று மெலிவினை. இந்தச் சொல்லிணை பின்னர்க் கடல் கடந்து தமிழ் இலக்கண நூல்களிலும் குடியேறியது. குடியேறிய இடத்தில் அதன் பொருள் மாறிப்போனது. அந்த மாற்றத்தைச் சற்று நிதானமாக நோக்கினால், தமிழ் வினையின் இயல்பு பற்றிச் சில உண்மைகள் புலப்படும்.

முதலில் கிரிம் கருதியது யாது என்பதைக் காண்போம். ஜெர்மானியக் குடும்பத்தில் நெடிய நூலாக நமக்குக் கிடைப்பவற்றுள் மிகப் பழையது கோத்திய மொழி விவிலியம். நான்காம் நூற்றாண்டில் வுல்பிலா என்னும் ஆயர் அதனை மொழிபெயர்த்தார். ஊதா நிறத் தோலேட்டில் வெள்ளியாலும் பொன்னாலும் எழுதப்பெற்ற அதன் ஆறாம் நூற்றாண்டுப் படி, சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அம்மொழியில் 'கட்டு' என்னும் பொருளுடைய வினை நிகழ்காலத்தில் பிந்தன் என வரும். கட்டினான் என்பதற்குப் பந்த். கட்டினோம் என்பதற்குப் புந்தும். கட்டப்பெற்றது என்பதற்குப் புந்தன்ஸ். மெய்யெழுத்துக்கள் தூண்களாய் நிற்க, நடுவிலுள்ள உயிர் மட்டும் இ, அ, உ என மாறிக் காலத்தைக் காட்டுகிறது. இறந்தகாலத்தைச் சுட்ட வெளியிலிருந்து எந்த இடைநிலையும் வரவில்லை. வினையடி தன் உள்வலிமையாலேயே காலங்காட்டுகிறது. ஆதலின் அது வலிவினை. ஆங்கிலத்தில் சிங், சாங், சங் என்பதும் இவ்வாறே. (பந்தம், பந்தனம் எனத் தமிழில் வழங்கும் வடசொற்களும் இந்தப் பிந்தனும் ஒரே வேரில் கிளைத்தவை. வீட்டுத் திருமண அழைப்பிதழிலேயே கோத்திய மொழியின் உறவினர் ஒருவர் அமர்ந்திருக்கிறார்.)

இவ்வலிவினைகளை அறிஞர்கள் ஏழு வகுப்பாகப் பிரிப்பர். முதல் ஆறும் உயிர்மாற்றத்தால் அமைவன. ஏழாவது வகுப்பில், கோத்திய மொழியில், முதலெழுத்து இரட்டித்து வருதலும் உண்டு. 'அழை' எனப் பொருள்படும் ஹைட்டன், இறந்தகாலத்தில் ஹெஹைட் என்றாகும்.

மற்றொரு சாரார் மெலிவினைகள். இவற்றால் தாமாகக் காலங்காட்ட இயலாது. பல்லொலியாகிய த அல்லது ட இனத்து எழுத்தொன்றை ஊன்றுகோலாக ஏற்றே இறந்தகாலம் காட்டும். ஆங்கிலத்தின் 'லவ்' என்பது 'லவ்ட்' ஆவது இவ்வழி. இவற்றுட் பெரும்பாலானவை வேறு சொல்லிலிருந்து பிறந்தவை. பெயரிலிருந்தோ மற்றொரு வினையிலிருந்தோ ஆக்கப்பெற்றவை. கோத்திய மொழியில் 'அமர்' எனும் பொருளுடைய சித்யன் வலிவினை. 'அமர்த்து' எனும் பொருளுடைய சத்யன் மெலிவினை. ஆங்கிலத்தில் இன்றும் சிட் என்றும் செட் என்றும் இவ்விணை வாழ்கிறது. திருந்து – திருத்து, உருகு – உருக்கு, ஆடு – ஆட்டு எனத் தன்வினை பிறவினை இணைகளில் வளர்ந்த தமிழ்ச் செவிக்கு இந்த இணை சற்றும் அயலாகத் தோன்றாது.

அந்தப் பல்லொலி எங்கிருந்து வந்தது என்னும் வினா இரு நூற்றாண்டுகளாக விவாதிக்கப்படுகிறது. 'செய்' எனப் பொருள்படும் பழைய வினை (ஆங்கிலத்தின் 'டூ') மற்றொரு வினையின் பின்னே துணையாக நின்று, நாளடைவில் தேய்ந்து விகுதியோடு ஒட்டிக்கொண்டது என்பது ஒரு சாரார் கருத்து. கோத்தியப் பன்மை வடிவங்களில் 'தேதும்' என நீண்டு வரும் ஈறு இதற்கு நல்ல சான்றாகும். எச்ச வடிவில் வரும் தகர ஈற்றோடு இதனை இணைப்பார் வேறு சிலர். இரண்டும் கலந்தே அமைந்திருக்கலாம் என்போரும் உளர். முதற்கருத்து ஒரு தமிழாசிரியருக்கு இனிப்பதன் காரணம் பின்னர்த் தெரியவரும்.

இந்தத் தகர இறந்தகாலத்தின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று டென்மார்க்கின் கல்லேஹூஸ் என்னும் சிற்றூரில் கிடைத்தது. 1639 இல் ஒரு பொற்கொம்பும் 1734 இல் மற்றொன்றும் அங்கே மண்ணிலிருந்து வெளிப்பட்டன. இரண்டாவது கொம்பின் விளிம்பில் ரூனிக் எழுத்தில், ஏறத்தாழ கி.பி. 400 அளவில், அதனைச் செய்தவன் தன் பெயரைப் பொறித்துத் 'தவிதோ', அதாவது 'செய்தேன்' என முடித்திருந்தான். 1802 இல் பொற்கொல்லன் ஒருவன் இரு கொம்புகளையும் திருடி உருக்கிவிட்டான். களவு நடந்த அந்த ஆண்டிலேயே ஊலன்ஷ்லேகர் என்னும் இளங்கவிஞர் அக்கொம்புகளைப் பற்றிக் கவிதை இயற்றினார். டேனிஷ் இலக்கியத்தில் புனைவியல் இயக்கத்தின் தொடக்கமாக அது கருதப்படுகிறது. பொன் உருகிப்போயிற்று, முன்னரே வரைந்து வைத்திருந்த படங்களால் 'செய்தேன்' என்னும் வினைமுற்று மட்டும் எஞ்சியது.

தமிழிலும் இதற்கு இணையான ஒரு பொறிப்பு உண்டு. அது காலத்தால் மிக முந்தியது. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் குகைத்தளக் கல்வெட்டுகளை 1882 இல் இராபர்ட் சிவெல் கண்டறிந்தார். சென்னையில் வாழ்ந்து 2018 இல் மறைந்த ஐராவதம் மகாதேவன், 2003 இல் வெளிவந்த தம் பெருநூலில் அவற்றைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டின என வரையறுத்தார். அவற்றுள் ஒன்றில் 'கொடுபிதோன்' என்னும் சொல் வருகிறது. ஒற்றெழுத்து இரட்டிப்பதை அக்காலத்து எழுத்துமுறை பெரும்பாலும் காட்டுவதில்லை. ஆகவே இது கொடுப்பித்தோன். கொடு என்னும் அடி, பி என்னும் பிறவினை விகுதி, தகர இடைநிலை, ஓன் ஈறு என நான்கு உறுப்பும் இன்றைய மாணவரும் பிரித்துக் காட்டத்தக்க தெளிவோடு பாறையில் நிற்கின்றன. கல்லேஹூஸ் கொம்பிலுள்ள தகரத்தைவிட மாங்குளத்துத் தகரம் ஐந்நூறு ஆண்டுகளேனும் மூத்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. மேடைகளில் சிலர் இத்தகைய ஒப்புமைகளைக் கண்டவுடன் தமிழிலிருந்தே ஜெர்மானியம் பிறந்தது என முழங்கிவிடுகின்றனர். இறந்தகாலத்திற்குத் தகரம் வருதல் ஒன்றினால் உறவு பிறந்துவிடாது. மனித வாய்க்கு எளிய ஒலிகள் சிலவே. அவற்றுள் தகரமும் ஒன்று. தொலைவிலுள்ள இரு மொழிகள் ஒரே ஒலியைத் தேர்ந்துகொள்வது தற்செயலாகவே நிகழும். உறவை நிறுவ, ஒலிமாற்றங்கள் சொல்தோறும் ஒழுங்காக இயைய வேண்டும். 1877 இல் அச்சான கட்டுரையில் டேனிஷ் அறிஞர் கார்ல் வெர்னர் காட்டியது அத்தகைய ஒழுங்கு. ஆங்கிலத்தில் ஒருமைக்கு 'வாஸ்' என்றும் பன்மைக்கு 'வேர்' என்றும் ஸகரம் ரகரமாவது ஏன் என்னும் சிறு புதிருக்கு, நெடுங்காலத்துக்கு முன் மறைந்துபோன அசையழுத்தத்தின் இடமாற்றமே காரணம் என அவர் விடை கண்டார். அத்தகைய கண்டிப்போடு தமிழை அணுகுவதே தமிழுக்குச் செய்யும் மரியாதை.

இனி அந்தச் சொல்லிணை தமிழுக்கு வந்த கதை. இலீப்சிக் மிஷனின் இயக்குநராக இருந்த கார்ல் கிரவுல், 1849 முதல் 1853 வரை மேற்கொண்ட நெடும்பயணத்தில் தமிழகத்தில் தங்கித் தமிழ் கற்றார். திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவரும் இவரே. இவர் 1855 இல் இலீப்சிக்கில் வெளியிட்ட தமிழ் இலக்கணச் சுருக்கத்தில், தமிழ் வினைகளை இறந்தகால வடிவம் நோக்கிப் பன்னிரண்டு வகுப்பாகப் பிரித்தார். செய்தான், ஆண்டான், கொன்றான், அறிந்தான், ஆக்கினான், நட்டான், உண்டான், தின்றான், கேட்டான், கற்றான், தீர்த்தான், நடந்தான் எனப் பன்னிரண்டு மாதிரிகள். ஜெர்மானிய வினைகளை இறந்தகாலம் கொண்டே வகுத்துப் பழகிய ஒரு கண் தமிழைப் பார்த்த பார்வை இது.

தமிழ் மரபின் பார்வை வேறு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், வினையடிகளை அவற்றின் ஈற்றெழுத்து நோக்கி இருபத்து மூன்று வாய்பாடாகத் தொகுத்தார். எவ்வெழுத்தில் முடியும் என்பதே அவருடைய கணக்கு. எவ்வாறு இறந்தகாலம் கொள்ளும் என்பது அன்று. கற்போர் தாய்மொழியாளர் என்பதால் பவணந்திக்கு அது போதுமானதாயிற்று. படி என்னும் சொல் படித்தான் ஆகுமா படிந்தான் ஆகுமா என்று தமிழ்க் குழந்தை கேட்பதில்லை. பொருளுக்கேற்பத் தானே சொல்லிவிடுகிறது. ஜெர்மானியப் பாதிரியார் கேட்டார். அந்த வினாவிலிருந்து அட்டவணை பிறந்தது.

அட்டவணை சென்னைக்குத் திரும்பி வந்தது. சேப்பாக்கத்துச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, கிரவுலின் பகுப்பைச் சிற்சில மாற்றங்களோடு ஏற்றுக்கொண்டது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்து பணியை நிறைவேற்றியவர் வையாபுரிப்பிள்ளை. மூலத் தொகுதிகளில் 1,04,405 சொற்கள், பின்னிணைப்பில் 13,357. அதில் வினைச்சொல் ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எண் நிற்கும். 'முடிதல்' என்பதற்கு 4. 'முடித்தல்' என்பதற்கு 11. 'நடத்தல்' 12. பலர் அவ்வெண்ணைக் கண்டும் காணாமல் பக்கம் புரட்டுவர். ஓர் எண் என்பது ஒரு வினையின் பரம்பரை முழுவதையும் சொல்லும் குறியீடு என்பதை அறிந்தவர்க்கு, அப்பக்கம் கவிதைப் பட்டறைபோலத் தோன்றும்.

வலி, மெலி என்னும் பெயர்கள் ஆர்டன் எழுதி 1891 இல் வெளிவந்த தமிழ் இலக்கண நூலால் பரவலாயின. செய்கிறான், செய்வான் என ஒற்றைக் ககரமும் வகரமும் கொள்வன மெலிவினை. படிக்கிறான், படிப்பான், படித்தான் என வல்லெழுத்து இரட்டிப்பன வலிவினை. நடக்கிறான், நடப்பான் என வலித்தும் நடந்தான் என மெலித்தும் வருவன இடைவினை. வெளிநாட்டவர்க்குத் தமிழ் கற்பிக்கும் நூல்களில் இன்றளவும் இப்பகுப்பே ஆட்சி செய்கிறது. வல்லினம் மெல்லினம் எனக் கேட்டுப் பழகிய நமக்கும் அது இயல்பாகவே ஒலிக்கிறது. ஆனால் கிரிம் எதனை வலிமை என்றாரோ அது இதுவன்று.

கிரிமின் அளவுகோலைத் தமிழின் மேல் நேர்மையாக வைத்துப் பார்த்தால் எந்த வினை வலியது? இடைநிலையின் துணையின்றி அடியே விகாரப்பட்டு இறந்தகாலம் காட்டுவது. தமிழில் அத்தகைய வினைகள் உண்டு. அவற்றை நம் இலக்கணிகள் நன்கு அறிந்திருந்தனர். கு, டு, று என முடியும் இரு குறில் அடிகள் ஒற்றிரட்டி இறந்தகாலம் காட்டும் என்பது மரபிலக்கணம்: புகு – புக்கான், விடு – விட்டான், பெறு – பெற்றான். இங்கே தகரமும் இல்லை, இன் இடைநிலையும் இல்லை. அடி தன்னைத்தானே இறுக்கிக்கொண்டு காலங்காட்டுகிறது. ஜெர்மானியம் உயிரை மாற்றிச் செய்ததைத் தமிழ் மெய்யை இரட்டித்துச் செய்தது. இதுவே தமிழின் உண்மையான வலிவினை. வேடிக்கை என்னவெனில், விடுகிறான், விடுவான், பெறுகிறான், பெறுவான் என வருவதால் ஆர்டன் பகுப்பில் இவை யாவும் மெலிவினைகளின் வரிசையில் அமர்ந்துவிட்டன.

மறுபுறமும் இவ்வாறே தலைகீழ். கிரிமின் மெலிவினைக்குரிய சிறப்பியல்பு, அது திறந்த வாயிலாக இருப்பது. ஜெர்மானிய மொழிகளுக்குப் புதிதாக வரும் வினையெல்லாம் மெலிவினையாகவே நுழைகிறது. இலத்தீனிலிருந்து வந்தாலும் பிரெஞ்சிலிருந்து வந்தாலும் பல்லொலி ஊன்றுகோலே அதற்குக் கிடைக்கும். தமிழில் அந்த வாயில் எது? வடமொழியிலிருந்து வந்த வினைகளைப் பாருங்கள்: சிந்தித்தான், யோசித்தான், வாசித்தான், பூசித்தான், தியானித்தான். எல்லாம் இகர ஈறு பெற்றுப் பேரகராதியின் 11 ஆம் வகுப்பில் வந்து சேர்கின்றன. அதாவது, ஆர்டன் வலிவினை என்ற கூடத்தில். ஐரோப்பாவில் விருந்தினர் மெலிந்தவர் திண்ணையில் தங்க, இங்கே வலியவர் கூடத்தில் தங்கினர். ஆங்கிலச் சொற்கள் வந்தபோது அந்தக் கூடமும் மூடப்பட்டுவிட்டது போலும். 'டைப் பண்ணினான்', 'போன் பண்ணினான்' எனப் 'பண்ணு' என்னும் வினையைத் துணைக்கு அழைத்தே அவை உள்ளே வருகின்றன. ஜெர்மானியத் தகரத்தின் பிறப்புப் பற்றி மேலே கூறிய முதற்கருத்து இங்கே நினைவுக்கு வரும். அங்கும் 'செய்' எனும் வினையைத் துணைக்கு அழைத்தனர். அது தேய்ந்து விகுதியாயிற்று. தமிழின் 'பண்ணினான்' இன்னும் தேயவில்லை.

பெயர் மாறி அமர்ந்ததற்காகக் கிரவுலையோ ஆர்டனையோ குறைகூறுதல் முறையன்று. அவர்கள் வகுத்த அட்டவணை பயனுடையது. அது இன்றிப் பேரகராதி இல்லை. குறை வேறிடத்தில் உள்ளது. ஜெர்மானிய மொழிநூலார்க்குத் தம் பழைய நூல் முன்னதாகவே அச்சில் கிடைத்தது. உப்சாலாவிலுள்ள கோத்திய ஏடு 1665 இலேயே பதிப்பிக்கப்பெற்றது. கிரிம் எழுதத் தொடங்கியபோது தம் மொழியின் மிகப் பழைய வினைகள் அவர் மேசைமேல் இருந்தன. தமிழுக்கு நேர்ந்ததோ எதிர்மாறு. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856 இலும் திருந்திய பதிப்பு 1875 இலும் வெளிவந்தன. கலித்தொகை அச்சேறியது 1887 இல். புறநானூறு 1894 இல். பரிபாடல் 1918 இல். மெரீனாக் கடற்கரையில் 1968 முதல் சிலையாக நிற்கும் அப்பேரறிஞர், சங்க வினைகளை அச்சில் காணாமலேயே தமிழ் வினையின் வரலாற்றை எழுத வேண்டியிருந்தது. தாமோதரம்பிள்ளையும் உ.வே.சாமிநாதையரும் ஏடு தேடி அலைந்திராவிடில், பின்வந்தோரும் அதே நிலையில்தான் நின்றிருப்பர். பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூல்நிலையத்துச் சுவடிகள் இலக்கியச் செல்வம் என்று மட்டுமே பேசப்படுகின்றன. அவை வினைத்திரிபின் தொல்பொருட் களஞ்சியமும் ஆகும்.

அச்சுவடிகள் வெளிப்படுத்திய செய்திகளுள் தலையாயது காலத்தைப் பற்றியது. தொல்காப்பியம் மூன்று காலம் கூறுகிறது. ஆனால் நிகழ்காலத்திற்கு இன்ன இடைநிலை என்று அது வகுத்துரைக்கவில்லை. ஆநின்று, கின்று, கிறு என நிரல்படுத்தியவர் நன்னூலார். சங்கத்தொகையில் கின்று என்னும் இடைநிலை மிக அருகியே காணப்படுகிறது. இறந்தகாலம் ஒருபுறமும், இறவாக்காலம் என்று சொல்லத்தக்க ஒன்று மறுபுறமும் நிற்க, வினை இரு கூறாகவே இயங்கியது என்பர் மொழிநூலார். செய்யும், செய்குவம், உண்கு என்பன இடத்திற்கேற்ப நிகழ்வையும் எதிர்வையும் சுட்டின. தொல் ஜெர்மானியத்தின் நிலையும் இதுவே. இறந்தகாலம், நிகழ்காலம் என இரண்டே வடிவங்கள். எதிர்காலத்திற்குத் தனித்திரிபு இல்லை. பின்னர் ஷல், வில் போன்ற துணைவினைகளைக் கொண்டு ஆங்கிலம் எதிர்காலத்தைக் கட்டிக்கொண்டது. தமிழுக்குக் குறைந்தது நிகழ்காலம். ஆங்கிலத்துக்குக் குறைந்தது எதிர்காலம். இரு மொழிகளும் தத்தம் குறையைத் துணைவினைகளால் நிரப்பின. செய்யாநின்றான் என்பதில் 'நில்' என்னும் வினை கண்கூடாகத் தெரிகிறது. நின்றுகொண்டிருந்த ஒரு முழுவினை, காலப்போக்கில் காலத்தையே சுட்டும் இடைநிலையாயிற்று.

இந்நிகழ்ச்சி முற்றுப்பெற்ற பழங்கதை அன்று. மயிலாப்பூர் மாடவீதி அகத்துப் பேச்சில் 'வந்துண்டிருக்கான்' என்பர். அதே தெருவின் முனையில் காய்கறி விற்பவர் 'வந்துகினு இருக்கான்' என்பார். ஒருவர் பேச்சை மற்றவர் நகையாடுவதும் உண்டு. இரண்டும் 'வந்துகொண்டிருக்கிறான்' என்பதன் இரு தேய்வுகள். 'கொண்டு' என்னும் வினையெச்சம் ஓரிடத்தில் 'ண்டு' ஆகவும் மற்றோரிடத்தில் 'கினு' ஆகவும் உருவிழந்து, தொடர்நிகழ்வைக் காட்டும் இடைநிலையாக மாறிவருகிறது. 'வந்துவிட்டான்' எங்கும் 'வந்துட்டான்' ஆகிவிட்டது. எது உயர்ந்தது என்னும் சண்டையில் இலக்கணத்திற்கு ஆர்வமில்லை. கோத்திய நாட்டில் 'செய்' எனும் வினை எவ்வாறு தேய்ந்திருக்கும் என்று காண விரும்புவோர் கபாலீசுவரர் கோயில் குளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தால் போதும்.

கவிஞர்களைத் தொடும் செய்தி மற்றொன்று. வலிவினைகள் எங்கும் குறைந்து வருகின்றன. பழைய ஆங்கிலத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட வலிவினைகள் இருந்தன. பல இன்று மெலிவினைகளாயின, பல வழக்கொழிந்தன. 'ஹெல்ப்' என்பதன் இறந்தகாலம் ஒருகாலத்தில் 'ஹோல்ப்', இப்போது 'ஹெல்ப்ட்'. 2007 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கு மீறித் திரிந்த 177 வினைகளை எடுத்துப் பின்தொடர்ந்து, இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றுள் 145 உம் இக்காலத்தில் 98 உம் மட்டுமே அவ்வாறு திரிவதைக் கண்டது. அடிக்கடி வழங்கும் வினை தன் பழைய திரிபைக் காத்துக்கொள்கிறது. அருகி வழங்குவது பொது வாய்பாட்டுக்கு அடங்கிவிடுகிறது.

தமிழிலும் இதே தேய்மானம் நடைபெறுகிறது. இட்டான், விட்டான், பெற்றான், தொட்டான் ஆகியவை நாள்தோறும் நாவில் புரள்வதால் பிழைத்தன. புக்கான் வீழ்ந்தது, அதன் இடத்தில் புகுந்தான் வந்தது. நக்கான் என்று சிரிப்பைக் குறித்து இன்று எழுதினால் படிப்பவர் வேறு பொருள் கொள்வர். நகைத்தான் என்னும் ஒழுங்கான வடிவம் அதனைக் காப்பாற்றியது. சில வினைகள் இரு வடிவங்களையும் ஒருங்கே வைத்துக்கொண்டிருக்கின்றன. மிகு என்பதற்கு மிக்க என்றும் மிகுந்த என்றும், தகு என்பதற்குத் தக்க என்றும் தகுந்த என்றும் எழுதுகிறோம். பொருள் ஒன்றுதான் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் 'மிக்க நன்றி' என்னுமிடத்தில் 'மிகுந்த நன்றி' என்றால் ஓசை தளர்கிறது; 'தகுந்த காரணம்' என்னுமிடத்தில் 'தக்க காரணம்' என்றால் அது சற்று விறைப்பாக நிற்கிறது. இரட்டித்த வடிவம் பழைய வலிவினை. நகரத் தகரம் கொண்டது பின்னர் வந்த பொது வாய்பாடு. ஈரசைச் சீரில் எது அமரும் என்று செவியால் தேரும் கவிஞர், தாம் அறியாமலே இரண்டு நூற்றாண்டு அடுக்குகளுக்கிடையே தேர்வு செய்கிறார்.

அகராதிகளும் இதற்கேற்பத் தம் முறையை மாற்றிக்கொண்டு வருகின்றன. பர்ரோவும் எமனோவும் 1961 இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதி, எண்ணை விடுத்து எதிர்கால இறந்தகால எழுத்துக்களையே தமிழ் வினையின் பக்கத்தில் இட்டது. சென்னையில் 1992 இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, வினையின் எச்ச வடிவங்களைத் தமிழிலேயே அடைப்புக்குள் தந்தது. 'செய்' என்றால் 'செய்ய, செய்து'. எண்ணைக் காட்டிலும் இது தமிழ்ச் செவிக்கு அணுக்கமானது. நன்னூலின் இருபத்து மூன்று வாய்பாடுகளுக்கும் கிரவுலின் பன்னிரண்டுக்கும் பிறகு, வினை தன் வாயால் தன் வகுப்பைச் சொல்லும் முறை இது. 'கினு', 'ண்டு' என்னும் இரண்டு புதிய இடைநிலைகளுக்கு மட்டும் எழுத்திலக்கணத்தில் இன்னும் இருக்கை போடப்படவில்லை.